சுவரில் சிவந்த வயல்

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், வயல் சிவந்துபோய்க் கிடந்தது.

வயல் என்றால் மண்ணில் இருக்கிற வயல் இல்லை. மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டில் அப்போது குடியிருந்தோம். அந்த வீட்டின் முன்கூடமான பட்டாசாலையின் சுவரில், நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் காலையிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு வைத்த வயல் அது. விளைந்து தலை சாய்ந்த நெல்லுக்காக ஒரு கொட்டாங்குச்சி நிறைய மஞ்சள் குழைத்திருந்தேன். சோற்றுக்கு உட்காரும்போது பார்த்தேன், கண்ணைப் பறிக்கிற மஞ்சள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்து வருவதற்குள், வெற்றிலை போட்ட வாயால் யாரோ சுவர் முழுக்கத் துப்பிவிட்டுப் போன மாதிரி ஆகியிருந்தது.

செண்பகம் சுவருக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கழுவிய கையைத் துடைக்கக்கூட இல்லை, தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தம்பி குமார் ஆறு வயதுக்காரன். அக்காளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி பார்த்தான்.

அவள் அழவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“வேணும்னுதான செஞ்சீங்க?”

நான் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளை என் முகம் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பேர் இல்லாதவள்

போன வாரம் எங்கள் அண்ணன் வீட்டு உழவு மாடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். மாட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறீர்கள், கல்யாணமாகி மதுரைக்கு வந்ததை மட்டும் ஏன் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தாள். முடிக்கவில்லை தாயி, தள்ளி வைத்திருந்தேன். சிலதை எழுதக் கை வருவதற்கு நாளாகிறது.

கை வருவதே எனக்குக் கஷ்டம்தான். திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது போகிறது. போகட்டும், எனக்கு என்ன அவசரம். எழுத்துப் பிழையைப் பத்திரிகைக்காரப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். சொல்லுகிற சங்கதியில் பிழை இருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

எனக்கு மாப்பிள்ளை அமைய ரொம்ப நாளாயிற்று. காரணம் என் வாய் என்று அண்ணன் சொல்வார். என் வாய் இல்லை, என் கழுத்து என்று மதினி சொல்வாள். யாருக்கும் வளையாத கழுத்தாம். கடைசியில், மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவருக்கு என்னைக் கொடுத்தார்கள். அவர் மதுரையில் ஓர் அச்சாபீஸில் பைண்டிங் வேலை பார்த்தார். சத்தமாகப் பேசத் தெரியாத மனுசன். என் சத்தம் இரண்டு பேருக்கும் போதும் என்று நினைத்து முடித்துவைத்திருப்பார்கள்.

அவருடைய மூத்த தாரத்தின் பேர் தனலட்சுமி. மஞ்சள் காமாலையில் போனாள். அவளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அக்கா என்றுதான் சொல்வேன். அவள் அடுக்கி வைத்துவிட்டுப் போன அடுப்படியில்தானே நான் சமைத்தேன். உப்புக்கும் புளிக்கும் அவள் வைத்திருந்த இடத்தை நான் மாற்றவே இல்லை.

குமார் ஒரு வாரத்தில் என்னோடு ஒட்டிக்கொண்டான். அவித்த பனங்கிழங்கு இரண்டு கொடுத்தேன், முடிந்தது சோலி. சித்தி சித்தி என்று முந்தானையை விடமாட்டான்.

செண்பகம் அப்படி இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடையாது. தண்ணீர் பிடிப்பாள், துணி மடிப்பாள், பாத்திரம் விளக்குவாள். ஆனால் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடமாட்டாள். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். “டேய், தலைக்கு எண்ணெ எங்க இருக்குன்னு கேளு” என்று தம்பியிடம் சொல்வாள். அவன் என் பக்கம் திரும்பி, “சித்தி, எண்ணெ எங்க இருக்குன்னு கேக்கச் சொல்லுது” என்பான். நானும் அவனிடம், “மாடாக்குழியில இருக்குன்னு சொல்லு” என்பேன். நாலு அடி தூரத்துக்கு நடுவில் ஒரு தபால்காரன்.

அம்மா என்று கூப்பிடு என்று நான் கேட்கவில்லை. அது எனக்கு உரிய சொல் இல்லை என்று எனக்குத் தெரியும். சித்தி என்று ஒரு சொல், அது போதும். அதைக் கேட்டு வாங்கவும் எனக்கு மனம் இல்லை. கேட்டு வாங்கிக் கூப்பிட வைத்தால் அது கூப்பிட்டதாகுமா. ஆனால் அந்த ஒரு சொல் இல்லாமல், அந்த வீட்டில் விருந்துக்கு வந்தவள் போலத்தான் எட்டு மாதமும் நடமாடினேன். விளக்கைத் தேய்க்கும்போதுகூட வேறு யார் வீட்டு விளக்கையோ தேய்ப்பதுபோல இருக்கும்.

அச்சு பிசகிய படம்

அச்சாபீஸில் கழித்துப் போடுகிற தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட ஆகும். அப்படி ஒருநாள் காலண்டர் தாள் ஒன்று வந்தது. ஏதோ வெளிநாட்டுக் குளம், கரையில் மரம், தள்ளி ஒரு வைக்கோல் படப்பு. எல்லாம் கலங்கிப்போய், கலர் கலராக அப்பிக் கிடந்தது.

“கலர் ஒண்ணுமேல ஒண்ணு சரியா விழல. அச்சு பிசகிருச்சு” என்றார். செண்பகம் அதைப் பூகோளப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்பா வந்து சைக்கிளை நிறுத்தும்வரை வாசலிலேயே நின்றாள். அது அச்சுப் பிசகு இல்லையாம். டிராயிங் டீச்சர் சொன்னார்களாம். ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் வரைந்தார்களாம். வீட்டுக்குள் உட்கார்ந்து வரைகிற வேலையே இல்லை. வயலிலும் ஆற்றங்கரையிலும் போய் நின்றுகொண்டு, வெயில் மாறுவதற்குள் சட்டுச் சட்டென்று கலரைத் தொட்டு வைத்துவிடுவார்களாம்.

“கோடே கெடையாதுப்பா. கிட்டக்க பாத்தா வெறும் அப்பலு. எட்டக்க போய் நின்னா கொளம்.”

நான் அடுப்படியில் அருவாமணையில் கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் காது என்னுடையதுதானே. அந்தப் புத்தகத்தை அவள் தூக்கிப் பிடித்திருந்த இடத்துக்கும் எனக்கும் பத்தடி இருக்கும். அங்கிருந்தே பார்த்தேன். குளம் தெரிந்தது. தண்ணீரில் வெயில் நெளிவது தெரிந்தது. இரண்டு வரியை எழுத்துக் கூட்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிடும், ஆனால் அந்தத் தாளை ஒரே பார்வையில் படித்துவிட்டேன். கத்திரிக்காய் ஒன்று காம்போடு குழம்புக்குள் போயிற்று.

வெள்ளைச் சுவர்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதில் என்னை மிஞ்ச அந்த வரிசையில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னது. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதகொதவென்று பொங்கும். அது அடங்கியபின் பழைய வேட்டியில் வடிகட்டி, அரிசிக் கஞ்சி கொஞ்சம், நீலம் ஒரு துளி. தென்னை மட்டையை நசுக்கி நானே பிரஷ் செய்துகொள்வேன். முதல் கை இடமிருந்து வலம், இரண்டாம் கை மேலிருந்து கீழ். அந்த வருசம் வீட்டுக்குப் புதிதாக வந்தவள் என்று எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்பதால் மூன்று கை அடித்தேன். பட்டாசாலைச் சுவர் பால் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சரசு மதினி வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அதைவிட என்ன பாராட்டு வேண்டும்.

அதற்கு மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் லீவு. அவர் வேலைக்குப் போய்விட்டார். குமார் அக்காளிடம் நச்சரித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா ஊரு எப்பிடி இருக்கும்?”

தனலட்சுமி அக்காளுக்குப் பிறந்த ஊர் சமயநல்லூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சாவு வீட்டில் இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துப்போய், அதன்பின் போக்குவரத்தே நின்றுவிட்டது. குமாருக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. அவன் நினைவில் ஊரும் இல்லை, அம்மாவும் இல்லை.

செண்பகம் நன்றாகத்தான் சொன்னாள். மலை இருக்கும், வாய்க்கால் இருக்கும், வயல் இருக்கும் என்றாள். அவனுக்குப் பிடிபடவில்லை. மலை எம்புட்டு இருக்கும், இந்த வீடு அம்புட்டு இருக்குமா என்று கேட்டான். அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து வரையப் பார்த்தாள். கலர்ப் பெட்டியில் வெள்ளையும் ஊதாவும்தான் மிச்சம். இரண்டு தடவை கசக்கி எறிந்தாள். தம்பி மறந்துபோன ஊரை எப்படியாவது அவன் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

என் வாய் சும்மா இருக்குமா.

“தாளு எதுக்கு? அம்புட்டுச் சுவரு கெடக்கே” என்றேன். குமாரிடம்தான் சொன்னேன்.

மூன்று கை வெள்ளையடித்த சுவர். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கிறது. சொன்ன பிறகுதான் எனக்கே பகீர் என்றது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

செண்பகம் தம்பியிடம், “கலருக்கு எங்கிட்டுப் போறதுன்னு கேளு” என்றாள்.

“நான் எதுக்கு இருக்கேன்னு சொல்லு” என்றேன்.

மூன்று கை விரல்கள்

அடுப்படியில் எல்லாக் கலரும் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தால். கரியை அம்மியில் பொடித்தேன், அது பனைமரத்துக்கு. செங்கல்லை உரைத்தேன், அது வரப்பு மண்ணுக்கு. கொல்லைப் பந்தலில் அவரை இலை பறித்துக் கசக்கிச் சாறு எடுத்தேன், வெளுத்த பச்சை. துணிக்குப் போடுகிற நீலம் வானத்துக்கு. நெல்லுக்கு மஞ்சள். சுவரிலிருந்து உதிராமல் இருக்க எல்லாவற்றிலும் அவர் அச்சாபீஸிலிருந்து கொண்டுவந்த பிசினைக் கரைத்துவிட்டேன். மஞ்சளுக்கு மட்டும் பிசின் கூடிப்போய் களியாகிவிட்டது.

செண்பகம் கரியால் மலைக்கு ஒரு கோடு இழுத்தாள். உடனே உள்ளங்கையால் அழித்தாள். “கோடு கூடாது” என்றாள், யாருக்கும் இல்லாமல் சுவருக்கு.

பிரஷ் கிடையாது. வெள்ளையடிக்கிற மட்டையால் நெல்மணி வைக்க முடியுமா. விரல்தான். அதிலும் அவள் ஒரு கணக்குக் கண்டுபிடித்தாள். குமாரின் விரல் சின்னது, அவன் வைத்தால் பொட்டு தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. அதனால் மலையும் பனையும் அவனுக்கு. நடு வயலும் வாய்க்காலும் அவளுக்கு. முன்னால், பார்க்கிறவன் காலடியில் கிடக்கிற வயல் மட்டும் பாக்கி. அவள் என் கையைப் பார்த்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் எனக்கு, அந்த வயசிலேயே அப்படி. “கட்டவிரலு பெருசா இருக்குல்ல, அத வச்சாச் சரியா வரும்னு சொல்லு” என்றாள் தம்பியிடம்.

என் கட்டைவிரலை அதுவரை யாரும் அப்படி மெச்சியதில்லை.

அவள் சொல்லச் சொல்ல நாங்கள் வைத்தோம். நாகமலை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை படுத்திருக்கும். அதன் அடியில் பனை, மொத்தம் ஏழு. வாய்க்கால் நேராகப் போகாது, கிணற்றுக்கிட்ட ஒரு தடவை வளையும். காலையில் மலைக்கு மேலே பஞ்சு மாதிரிப் புகை நிற்கும். குமாருக்குத்தான் சொன்னாள். ஆனால் நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்க்காத ஒரு பெண்ணின் ஊர் என் விரலுக்குக் கீழே உண்டாகிக்கொண்டு வந்தது. நான் வைத்த ஒவ்வொரு பொட்டுக்கும் அவள் ஓரக்கண்ணால் பார்ப்பாள். சரியில்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

முடிகிற நேரத்தில் குமார் கேட்டான்.

“அம்மா எங்க?”

செண்பகத்தின் கை நின்றுவிட்டது. பிறகு நீலத்தைக் கெட்டியாகச் சுண்டுவிரலில் தொட்டு, நடு வரப்பின்மேல் ஒரே ஒரு பொட்டு வைத்தாள்.

“அந்தா. களத்துக்குக் கஞ்சி கொண்டு போறாங்க.”

தகரப் பெட்டியில் அக்காளின் சேலை ஒன்று இருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் அதை எடுத்து வைத்துப் பூப்போட்டு, சோறு படைத்துக் கும்பிடுவது அந்த வீட்டு வழக்கம். அந்தச் சேலையை வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்ததே நான்தான். நீலச் சேலை. சோறு வடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

மறந்துபோன சுண்ணாம்பு

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் வீடுகளில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எத்தனை கல்யாணத்துக்கு நான் ஆலத்தி கரைத்திருக்கிறேன். அந்த வீட்டு வாசலில் என்னை நிற்கவைத்து, அப்படிக் கரைத்த சிவப்புத் தண்ணீரைச் சுற்றித்தானே உள்ளே கூட்டிப் போனார்கள். அப்பேர்ப்பட்டவள், மூன்று நாளைக்கு முன்னால் தன் கையால் சுண்ணாம்பு அடித்த சுவரில், தன் கையால் மஞ்சளைக் கொடுத்தேன். பிசின் களியாக இருந்ததால் உடனே காட்டிக்கொள்ளவில்லை. ஊறி ஊறி, நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள் தன் புத்தியைக் காட்டிவிட்டது.

வேண்டுமென்று செய்ததாக அந்தப் பிள்ளை நினைத்ததில் தப்பே இல்லை. தெரியாமல் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள். அம்மாவின் ஊரை இரண்டாவது வந்தவள் கெடுத்துவிட்டாள் என்றுதான் தோன்றும்.

நானாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கழுத்து வளைந்தால்தானே.

“செவந்தா என்ன? சாயங்கால வெயிலுக்கு வயலு அப்பிடித்தான் இருக்கும்” என்றேன்.

“எங்கம்மா வயலு மஞ்சளா இருக்கும்.”

அவ்வளவுதான் சொன்னாள். பின்கட்டுக்குப் போனாள். மிச்சமிருந்த சுண்ணாம்புப் பானையையும் மட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவர் முழுவதையும் அழித்துவிடப் போகிறாள்.

அந்த நேரம் பார்த்துச் சரசு மதினி புளி கேட்டு வந்தாள். வாசலிலேயே நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன பேச்சி, சுவத்துக்கே ஆலத்தி எடுத்திட்டியாக்கும். சரித்தேன், நீ அடிச்ச வெள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கும்” என்றாள்.

வேறு நேரமாக இருந்தால் அதற்கு நான் கொடுத்திருக்கும் பதிலில் அவள் புளியை மறந்திருப்பாள். அன்றைக்குப் புளியை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது செண்பகம் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி ஓங்கியிருந்தாள். குமார் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

“அம்மாவ அழிக்காத.”

அழித்தால் நீலப் பொட்டும் சேர்ந்துதான் போகும். அவள் அதை யோசிக்கவில்லை போல. ஓங்கிய கை அப்படியே நின்றது. மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவள் முழங்கை வழியாக வடிந்தது.

அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“வேணும்னு செய்யலத்தா. மறந்துட்டேன். இன்னைக்காச்சும் நீ என்னைய பாத்து ஒரு வார்த்த பேசுவேங்கிற நெனப்புலயே மஞ்சளக் கொழச்சேன். சுண்ணாம்பு அடிச்சது நெனப்புலயே இல்ல.”

மறந்துவிட்டேன் என்று அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உப்பு மறந்தால்கூட, இன்றைக்கு உப்பு ஆகாது என்று சொல்லிச் சமாளிக்கிறவள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் மட்டையைப் பானைக்குள் வைத்தாள்.

எலுமிச்சங்காய்

சேலையில் மஞ்சள் பட்டுச் சவுக்காரம் போட்டால் சிவந்துபோகும் இல்லையா. அதற்கு எங்கள் ஊரில் புளிப்பு வைத்துத் தேய்ப்போம், சிவப்பு ஓடிவிடும். உட்கார்ந்த இடத்தில் அது எனக்கு நினைவுக்கு வந்தது. அண்ணன் திருவாதவூரிலிருந்து பொங்கல் வரிசையோடு ஒரு பை எலுமிச்சங்காய் அனுப்பியிருந்தார். ஊறுகாய்க்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

ஒன்றை நறுக்கி, கீழே ஓரத்தில் என் கட்டைவிரல் வைத்த ஒரு பொட்டின்மேல் அழுத்தினேன். சுர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பும் புளிப்பும் சண்டை போடுகிற சத்தம். நுரை அடங்கியதும் சிவப்புக்கு நடுவில் ஒரு மஞ்சள் கண் திறந்தது.

செண்பகம் கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

“இன்னொண்ணு வைங்க” என்றாள்.

தபால்காரன் இல்லாமல், நேராக என்னிடம்.

பிறகு மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூடி எலுமிச்சையோடு சுவரில் விழுந்தோம். மட்டை நசுக்கியதில் என் கையெல்லாம் கீறல், எரிச்சல் தாங்கவில்லை. குமார் ஒரு பொட்டுக்கு ஒரு தடவை மூடியை நக்கிக் கண்ணைச் சுருக்கினான். வீடே எலுமிச்சை வாசனை. சுவர் முழுவதும் சுர் சுர் என்று பேசிக்கொண்டிருந்தது.

பாதி வயல் மஞ்சளாகியிருக்கும். செண்பகம் எழுந்து வாசற்படிவரை பின்புறமாகவே நடந்து போனாள். அங்கிருந்து, “போதும். எல்லாத்தையும் மாத்த வேணாம்” என்றாள். நான் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினாள்.

கிட்டத்தில் வெறும் கறைதான். மஞ்சள் கறை, சிவப்புக் கறை, இரண்டும் கலந்த ஆரஞ்சுக் கறை. வாசலில் நின்று பார்த்தால் வயலுக்குமேல் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது. கதிர் ஒரு பக்கம் காற்றுக்குச் சாய்ந்திருந்தது. நடுவில் ஒருத்தி வரப்பில் போய்க்கொண்டிருந்தாள்.

என் தோளில் இருந்த கையை அவள் உடனே எடுக்கவில்லை. நான் மூச்சுவிடாமல் நின்றேன், அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று.

சாயங்காலம் அவர் வந்தார். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே சுவரைப் பார்த்தார். வெள்ளையடித்த சுவரை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார் என நினைத்தேன்.

“ஊரா?” என்றார் மகளிடம். அவள் தலையாட்டினாள். அவர் முகம் கழுவுகிறேன் என்று பின்கட்டுக்குப் போனார். ஒரு முகத்தைக் கழுவ அத்தனை குடம் தண்ணீர் ஆகாது. நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வருசம் அக்காளின் சேலையை அந்தச் சுவருக்குக் கீழேதான் வைத்துப் படைத்தோம்.

தை, மாசி, பங்குனி

அந்த வயல் ஒரே மாதிரி இருந்ததில்லை. சுண்ணாம்பு உள்ளிருந்து ஊறி, மஞ்சளாக்கிய பொட்டுகளில் சில மறுபடி சிவந்தன. சிவந்தவற்றில் சில நாளாக ஆகத் தானாக வெளுத்து மஞ்சளுக்கு வந்தன. குமார் தினமும் காலையில் பல்லைத் தேய்த்துக்கொண்டே சேதி சொல்வான். மலையோரம் பழுத்திருச்சு, கெணத்துக்கிட்ட இன்னும் காயி. நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்து விளைச்சல் பேசுவோம். கேட்கிறவர்களுக்கு, வீட்டில் நிலபுலம் உள்ளவர்கள் என்று தோன்றும்.

சும்மாவும் இருக்கவில்லை. லீவு நாள் வந்தால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏதாவது வைப்போம். திருவாதவூர்க் கண்மாயில் கொக்கு இறங்குவதை நான் சொல்ல அவர்கள் வைத்தார்கள். வைகையில் துணி காய்வதை வைத்தோம், அதற்குக் கலரே போதவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து விரலை நீட்டுவார்கள். யார் விரல் எந்தத் தூரத்துக்கு என்று செண்பகம் அளந்து வேலை கொடுப்பாள். என் கட்டைவிரல் எப்போதும் முன் வரிசை.

இப்போதெல்லாம் என்னிடம் நேராகவே பேசினாள். எண்ணெய் எங்கே என்று என்னையே கேட்டாள். ஆனால் பேர் மட்டும் இல்லை. “இங்க பாருங்க”, “இந்தாங்க”, அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்று நானே சொல்லிக்கொண்டேன். போதும் என்று சொல்லிக்கொள்கிற எதுவும் போதாததுதான்.

பங்குனியில் ஒரு நாள் காலை, பட்டாசாலையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வயலில் ஒன்று கண்ணில் பட்டது. நடு வரப்பில், நீலப் பொட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு பொட்டு. செங்கல் கலரில். அது முன்பு அங்கே கிடையாது. அந்த வயலில் எந்தப் பொட்டு எங்கே என்று எனக்கு மனப்பாடம்.

வீட்டில் நான் கட்டுவது இரண்டே சேலை. இரண்டும் செங்காவி.

விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன். கேட்கவா வேண்டாமா என்று இருந்தது. செண்பகம் ஜன்னலடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. அவளைக் கேட்க என் கழுத்து விடவில்லை. அதனால் குமாரைக் கேட்டேன்.

“இதென்னடா, புதுசா?”

அவன் எட்டிப் பார்த்தான். “எருமை” என்றான்.

“எரும எங்கடா செவப்பா இருக்கும்?”

“இது எருமதான்” என்றான், அடித்துச் சொன்னான்.

ஜன்னலடியில் புத்தகம் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“அம்புட்டுக் கிட்டக்க நின்னா எப்பிடித் தெரியும். எட்டக்க போய் நின்னு பாருங்க சித்தி.”

விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்தேன். வாசற்படிவரை போனேன். முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது என்று சுவரையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அது ஆளா எருமையா என்று அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தால் எதுதான் சரியாகத் தெரியும். பிற்பாடும் நான் கேட்டதில்லை. எருமையாகவே இருக்கட்டும். அக்காள் கஞ்சிப் பானையோடு முன்னால் போகிறாள், அது பின்னாலேயே போகிறது.